பதினேழாம் பெட்டியின் மூடி

சிட்னித் துறைமுகத்தோரம் புதிய அரங்கம் திறந்த மறுவருடம், தேசிய ஒபரா இசைநாடகக் குழுவின் விளக்குப் பகுதியில் எனக்கு வேலை கிடைத்தது. மூன்று மாதம் தற்காலிகம். குழு நிகழ்ச்சிக்குப் போகும் மெல்பேர்ன் பயணம் ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் என்றார் தலைமை மின்வினைஞர்.

என் வேலை பட்டியல் எழுதுவது. எந்த விளக்கு எந்தப் பெட்டியில், எந்த வயர் எத்தனை அடி.

பரமட்டாப் புறநகரில் நான் தங்கியிருந்த வீட்டில் அக்கா சிரித்தாள். "கொழும்பில மின் பொறியியல் படிச்சிட்டு ஒபராக்காரருக்குப் பெட்டி எண்ணுறாய்."

"நான் எண்ணாட்டி அவை இருட்டுக்குள்ளதான் பாடவேணும், அக்கா."

பெட்டிகளுக்கெல்லாம் சாம்பல் நிறம் பூசியிருந்தார்கள். பதினேழாம் பெட்டி மட்டும் பழைய கறுப்பிலேயே கதவருகே கிடந்தது. குப்பையில் வீசுவதற்கு. அதன் மூடி முழுக்க, வெவ்வேறு கைகள் வெள்ளை மையில் எழுதிய ஊர்ப் பெயர்கள். ஒரு நகர மண்டபம், ஒரு படமாளிகை, செம்மறிக் கண்காட்சி நடக்கும் ஒரு கொட்டகை. குழுவுக்குச் சொந்த மேடை இல்லாத காலத்தில், ஒவ்வொரு ஊரிலும் முதல் விளக்கை ஏற்றியவர் மூடியில் ஒரு வரி எழுதுவாராம். அந்தக் குழுவின் வரலாற்றை நான் படித்தது அங்கேதான். குந்தியிருந்து முழுவதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மெல்பேர்ன் மூன்று முறை வந்திருந்தது. மூன்று முறையும் பக்கத்தில் ஒரே குறிப்பு: உருண்டைக் கால் பிளக். பெட்டிக்குள் இருந்தவையும் அவைதான்: ஒரு முனையில் உருண்டைக் கால் பிளக்கும் மறுமுனையில் எங்கள் தட்டைக் காலுக்கான சொக்கெட்டும் பூட்டிய குட்டை வயர்கள்.

"அங்கே சொக்கெட்டுகள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்களாம்" என்றார் தலைமை மின்வினைஞர்.

"மாற்றியதை யார் பார்த்தது?" என்று கேட்டேன்.

யாரும் பார்த்திருக்கவில்லை. "உன் பட்டியல். லொறியில் இடம் வீணானால் நீதான் பதில் சொல்லவேண்டும்" என்றார். கடைசி வரியாகப் பதினேழை எழுதினேன்.

மெல்பேர்னில் மேடையின் வலப்பக்கம் புதுச் சொக்கெட்டுகள். இடப்பக்கம் அத்தனையும் பழையவை; எங்கள் பிளக் ஒன்றுகூட ஏறவில்லை. இரண்டு மணிக்குப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒத்திகைக்கு வந்துவிடுவார்கள். தலைமை மின்வினைஞர் என்னைப் பார்த்தார். நான் பட்டியலைப் பார்க்கவேண்டியிருக்கவில்லை. நேரே போய்ப் பதினேழைத் திறந்தேன்.

ஒன்றரைக்கு இடப்பக்க விளக்குகள் எல்லாம் எரிந்தன. சுவிட்சைப் போட்டது நான்.

தலைமை மின்வினைஞர் வெள்ளை மை டப்பாவையும் தூரிகையையும் கொண்டுவந்து மூடிமேல் வைத்தார். கடைசி ஊருக்குக் கீழே மெல்பேர்ன் என்ற பெயரையும் வருடத்தையும் எழுதினேன். என் எழுத்துத்தான் அதில் நேராக இருந்தது.

மாலையில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "வேலை நிரந்தரம், அக்கா."

"கடிதம் தந்தவையோ?"

"இல்லை. பெட்டியில எழுத விட்டவை."

"பெட்டியிலயோ! வேலைக்குப் பெட்டியில எழுதிக்குடுக்கிற நல்ல கந்தோர்தான்."

கடிதம் அடுத்த கிழமை வந்தது. அதை எங்கே வைத்தேன் என்று, எல்லாவற்றுக்கும் பட்டியல் வைத்திருக்கும் எனக்கே, இப்போது தெரியாது.