தங்கத்தாயும் நீர் மாத்திரையும்

தாராவி தொண்ணூறடி ரோட்டுச் சந்தில் தங்கத்தாயின் கைக்குப் பயப்படாதவர் கிடையாது. குழாயடியில் தன் குடத்தை நகர்த்தியவளின் பல்லை உடைத்தவள் அவள். இட்லி விற்கிறவளுக்கு அவ்வளவு வலுவா என்று கேட்பவர்கள், இருபது வருஷம் மாவாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்!

அவள் புருஷன் சொரிமுத்துவுக்கு இதயம் பலவீனம். நெஞ்சில் நீர் கோத்து, ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரி வாசம். தினமும் நீர் மாத்திரை போடாவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். காலை ஆறு மணிக்கு மாத்திரையை அவர் கையில் திணித்துவிட்டுத்தான் தங்கத்தாய் இட்லிக் கூடையைத் தூக்குவாள். அப்படியும் கால் வீங்கிக்கொண்டே போனது.

ஒருநாள் அவர் பாயை உதறினாள். பொலபொலவென்று மாத்திரைகள் கொட்டின.

ஓங்கி விட்டாள் ஓர் அறை. அவரும் சும்மா இல்லை, சொம்பால் அவள் தோளில் அடித்தார்.

"சாகணும்னு ஆசையா உமக்கு?"

"ஏட்டி, அதப் போட்டா பத்து நிமிசத்துக்கு ஒருக்க முட்டிக்கிட்டு வருது. கக்கூஸ் லைன்ல அம்பது பேரு நிக்கான். போன மாசம் வேட்டியிலயே போயிட்டேன். எல்லாவனும் சிரிச்சான். அதுக்குச் செத்துரலாம்."

மறுநாள் காலை மாத்திரையை அவர் வாயில் போட்டு, கையோடு பொதுக் கழிப்பறைக்கு இழுத்துப் போனாள். வாசலில் காசு வாங்கும் பூலோகம் மறித்தான்.

"லைன்ல வாக்கா."

வாளியால் ஒரே வீச்சு. அவன் நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. வரிசையே அவள்மேல் பாய்ந்தது. ஒருத்தி கொண்டையைப் பிடித்து இழுத்தாள், இன்னொருவன் குத்தியதில் அவள் புருவம் கிழிந்தது. அந்தத் தள்ளுமுள்ளில் சொரிமுத்து மூச்சு விடமுடியாமல் சரிந்தார். அடித்தவர்களே டாக்ஸி பிடித்தார்கள்.

வார்டில் அவள் புருவத்துக்கு மருந்து வைத்தபடி போன தடவைகளிலும் சொரிமுத்துவைக் கவனித்த நர்ஸ் ஃபர்ஸானா முழுக்கதையையும் கேட்டாள்.

"கக்கூஸ் எப்பக்கா காலியா இருக்கும்?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு ஈ காக்கா இருக்காது."

ஃபர்ஸானா டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "அப்ப ரெண்டு மணிக்கே போடட்டுமாம். நேரத்த மாத்தலாம்க்கா, விடத்தான் கூடாது."

"அடிப்பாவி, இத போன தடவையே சொல்லித் தொலைச்சா என்ன?"

"வாளியத் தூக்காம நேத்தே எங்கிட்ட வந்து கேட்டிருந்தா, நானும் சொல்லியிருப்பேன்."

 தங்கத்தாய் எழுந்து புருஷன் கட்டிலருகே போனாள். மூக்கில் குழாயோடு கிடந்த மனுஷன் அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"அடிக்க வரலய்யா" என்றாள்.

அவர் கையை எடுக்கவில்லை.