தடையா? படையா?

அந்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் படிக்கிற நீங்களும் உடனே இரண்டு அணியாகப் பிரிந்துகொள்வீர்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை என் தம்பிக்கு. வலங்கைமானில் அப்பா விட்டுப்போன வயலை, அங்கிருந்தபடியே போனில் கேட்டுக் கேட்டுப் பயிர் செய்கிறவன்.

முதலில் வந்தது தடை. ஆட்சியில் இருந்த கொலைகாரனைப் பணியவைக்க வெளிநாடுகள் அந்த நாட்டோடு வியாபாரத்தை நிறுத்தின. கொலைகாரன் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய சாமான்கள்தான் நின்றுபோயின. உடம்பெல்லாம் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்து, தம்பியின் சட்டையைப் பிடித்தபடியே ஒரு பள்ளிக்கூடப் பெண் செத்துப்போனாள். சும்மா கிடந்த இயந்திரத்தைக் காலால் உதைத்து உதைத்து அழுதேன் என்று சொன்னான். பிறகு வந்தது படை. மக்களைக் காப்பாற்ற வந்த விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டன. ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். அன்றோடு தம்பியின் போன் அணைந்துவிட்டது.

அந்த வாரம் பாபநாசத்தில் எங்கள் பகுதிக்காரர்கள் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். என் கணவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். பட்டிமன்றம் என்றால் சுற்றுவட்டாரத்தில் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வழக்கமாக மாமியாரா, மருமகளா என்று பேசிவிட்டு வருவார். ஊரே டீவியில் போர் பார்த்துக்கொண்டிருந்ததால் இந்த முறை தலைப்பும் அதுவே: மக்கள் துயர் துடைக்க வல்லது வெளிநாட்டுத் தடையா? படையா? இவருக்குக் கொடுத்தது படை. எந்தப் பக்கம் என்பதை அமைப்பாளர்தான் சொல்வார். மூன்றாவது பக்கம் என்று ஒன்று கிடையாது.

"போகாதீங்க. தம்பி உயிரோட இருக்கானான்னே தெரியல."

"ஒத்துக்கிட்டாச்சு. நோட்டீஸும் அடிச்சுட்டாங்க. நான் பேசலைன்னா குண்டு போடறத நிறுத்திடுவாங்களா?"

வீட்டில் தனியாக உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நானும் போனேன். நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் மேடை. அறுவடை தொடங்காததால் களம் காலியாகத்தான் கிடந்தது. பேச்சாளரின் மனைவி என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

தடை அணிக்காரர் முழங்கினார். "வயித்துல அடிச்சாத்தான் நடுவர் அவர்களே, வழிக்கு வருவான்!" கைதட்டல். யார் வயிற்றில் அடித்தார்கள் என்று எழுந்து கேட்கத் தோன்றியது.

அடுத்து என் கணவர். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் பேசினார். கூட்டம் சிரிக்கவில்லை, நெளிந்தது. சிரிப்பு வராவிட்டால் பட்டிமன்றப் பேச்சாளர் நேரே வீட்டுக்காரியிடம் வந்துவிடுவார். மனைவியும் மச்சானும் இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் பாதிப் பட்டிமன்றம் நடக்காது.

"நடுவர் அவர்களே, என் மச்சான் அந்த ஊர்லதான் இருக்கான். எங்க வீட்டுக்கு வந்தான்னா கிளம்பவே மாட்டான். நானும் ஜாடைமாடையா எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நகரல. ஒரே ஒரு விமானம் வந்துச்சு, ஆளையே காணோம்! படைதானே ஜெயிச்சுது?"

களமே அதிர்ந்தது. பின்னால் விசில் பறந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

எழுந்தேன். நானும் வேடிக்கையாக ஏதோ பேசப் போகிறேன் என்று நினைத்து, ஒருவர் கை கொடுத்து மேடையில் ஏற்றிவிட்டார். நடுவர் முன்னால் பித்தளை மணி இருந்தது, நேரம் முடிந்தால் அடிக்கிற மணி. அதை எடுத்து என் கணவரின் நெற்றியில் அடித்தேன். ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்டது. அடுத்த அடியில் புருவம் பிளந்து, ரத்தம் ஜிப்பாவில் இறங்கியது. அவர் ஓங்கி என் கன்னத்தில் அறைந்தார். "பொம்பள மேலயா கை வைக்கிற?" என்று கீழேயிருந்து ஒருவன் நாற்காலியை வீசினான். "புருஷனை அடிச்சவளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றியா?" என்று இன்னொருவன் அவன் மேல் பாய்ந்தான். எங்களைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் எல்லோரும் இரண்டு அணியாகப் பிரிந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவரின் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது.

நாங்கள் இருவரும் மேடைத் துணிக்குப் பின்னால் ஒதுங்கினோம். அப்போது என் போன் அதிர்ந்தது. தம்பியின் குரல் பதிவு வந்திருந்தது; இருவரும் குனிந்து கேட்டோம்.

"அக்கா, உயிரோட இருக்கேன். ஆஸ்பத்திரி பாதி இடிஞ்சுபோச்சு. அடியில கிடக்கிறவங்கள இழுத்துக்கிட்டு இருக்கோம். ஒருத்தர் கையைப் புடிச்சு இழுத்தேன், கை மட்டும்தான் வந்துச்சு." மூச்சு வாங்கியது. "இன்னைக்குத்தானே அத்தான் பட்டிமன்றம்? போன்ல எடுத்து அனுப்புக்கா. சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

என் கணவர் வேட்டி நுனியால் புருவத்தை அழுத்தியபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. "மழை வந்துடுச்சு, பட்டிமன்றம் நடக்கலைன்னு சொல்லிடு" என்றார். அப்படியே எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"மழையா? அறுக்கப்போற நேரத்துலயா? ஐயோ, கதிரெல்லாம் சாஞ்சிருக்குமே. அத்தானை உடனே வயலுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுக்கா."

அதற்குப் பிறகு அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. மறுநாள் காலையில் என் கணவர் நெற்றிக் கட்டோடு வலங்கைமானுக்குப் போய், காய்ந்த வரப்பில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.