துவாலுவுக்கு மூன்று நிமிடம்

மாசிலாமணிக்குக் காலையில் கண் விழிக்கும்போதே களைப்பு வந்துவிடும். வேலை செய்து வருகிற களைப்பு இல்லை அது, வேலைக்குப் போக வேண்டுமே என்று வருகிற களைப்பு. மண்டகப்பட்டு தாண்டி இரண்டு நிறுத்தம் தள்ளி அவர் ஊர். அங்கிருந்து விழுப்புரத்துக்கு ஒரு பஸ். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற வழியில் இருக்கும் தனியார் கலைக் கல்லூரிக்கு இன்னொரு பஸ். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில் பாதிக் கூட்டம் இறங்கும், அப்போதுதான் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்த மறு நிமிடம் தூங்கிவிடுவார். கண்டக்டர்தான் தோளைத் தட்டி எழுப்பி இறக்கிவிடுவார்.

பதினோரு வருடமாக இதே பிழைப்பு. அரசியல் அறிவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மனுஷன், இன்னும் தற்காலிக விரிவுரையாளர். ஏப்ரலோடு வேலை முடிந்துவிடும். ஜூனில் ஒரு பட்டியல் வரும், அதில் பெயர் இருந்தால் மறுபடியும் சாக்பீஸைத் தொடலாம். ஒவ்வொரு மே மாதமும் அவர் மனைவி ஜெயம், "இந்த வருஷம் கூப்புடுவாங்களா?" என்று கேட்பாள். "கூப்புடாம எங்க போவாங்க" என்று இவர் சொல்வார். சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அவளுக்கும் தெரியும்.

இந்த வருடம் பிப்ரவரியில் கல்லூரி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. 'உலகக் குடிமக்களை உருவாக்குகிறோம்' என்று படிவத்தில் யாரோ எழுதிவைத்துவிட்டார்கள். எழுதினால் போதுமா, ஆதாரம் வேண்டாமா?

"மாதிரி ஐ.நா. சபை ஒண்ணு நடத்திடுங்க. நாலு போட்டோ, ஒரு அறிக்கை. நீங்கதான் அரசியல் பாடம், உங்களுக்குத் தெரியாததா?" என்றார் முதல்வர்.

தலைக்கு மேல் கிடக்கிற வேலையில் இது வேறா என்று மாசிலாமணி நினைத்தார். "சரிங்க சார்" என்றார். அந்த மனுஷன் வாயில் வேறு என்ன வரும்?

ஆளுக்கொரு நாட்டின் சார்பில் பேச இருபத்தைந்து மாணவர்கள் பெயர் கொடுத்தார்கள். யாருக்கு எந்த நாடு என்று சண்டை வரக்கூடாதென்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார். அமெரிக்கா செல்வகுமாருக்கு விழுந்தது. மூன்றாம் ஆண்டு மாணவன், ஊரில் கிணறும் கரும்புமாக நிலம் உள்ள வீட்டுப் பையன், பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பசிபிக் கடலில் கிடக்கும் குட்டித் தீவு நாடான துவாலு, இசைவாணிக்கு விழுந்தது. ஓமந்தூர்ப் பக்கத்துப் பெண். அம்மா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கவும் நடவுக்கும் கூலிக்குப் போகிறவர். "துவாலுவா? துண்டு, துவாலைன்னு நெனச்சிட்டேன்" என்று பையன்கள் கேலி செய்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் நூலகத்தில் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

விவாதத்துக்குத் தலைப்பு, கடல்மட்டம் உயர்வது. மூழ்கப்போகிற தீவுகளின் மக்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. போன புயல் மழையில் இசைவாணியின் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, பதினோரு நாள் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்திருக்கிறார்கள். அந்தக் கோபமோ என்னவோ, தீர்மானத்தில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். 'தீவு மக்களை எங்கே கொண்டுபோய்க் குடிவைப்பது என்பதை, அவர்களைக் கேட்காமல் எந்த நாடும் முடிவு செய்யக்கூடாது.' அவ்வளவுதான். அதற்காக மூன்று நிமிடப் பேச்சு ஒன்றையும் எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

ஒத்திகையன்று அந்த வரியில்தான் வெடித்தது.

"எடம் கொடுக்கறதே பெரிசு. இதுல உங்கள வேற கேட்டுக்கினு இருக்கணுமா?" என்றான் செல்வகுமார்.

"கேக்கத்தான் வேணும். நாங்க என்ன மூட்டையா, தூக்கிட்டுப் போற எடத்துல எறக்கறதுக்கு?" என்றாள் இசைவாணி.

அதற்குமேல் அமெரிக்காவும் துவாலுவும் எங்கே போயின! 'உங்க பக்கம்', 'எங்க பக்கம்' என்று பேச்சு வேறு எங்கேயோ போக, பெஞ்சுகள் நகர்ந்தன, வெளியே கூட்டம் கூடியது. சத்தம் கேட்டு முதல்வரே வந்துவிட்டார். எல்லோரையும் அனுப்பிவிட்டு மாசிலாமணியை மட்டும் நிறுத்திவைத்தார்.

"அன்னைக்கு வர்ற விருந்தாளி முன்னாடி இந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சுன்னா, ஜூன் மாசம் உங்க மூஞ்சிய நான் பாக்கமாட்டேன், மாசிலாமணி. சொல்லிட்டேன்."

அறையைவிட்டு வெளியே வந்தபோது வாசலில் செல்வகுமார் பையை எடுக்க நின்றிருந்தான். கேட்டிருப்பான். கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் இவர். வெட்கப்படுவதற்குக்கூடத் தெம்பு வேண்டுமே.

மார்ச் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்குச் சபை. கருத்தரங்கக் கூடத்தில் வெள்ளைத்துணி போட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் நாட்டின் பெயர் எழுதிய அட்டை. ரிசப்ஷனுக்குக் கோட்டு வாடகைக்கு விடும் கடையிலிருந்து பையன்கள் கோட்டு வாங்கிப் போட்டு வந்திருந்தார்கள், ஒன்றிரண்டில் பழைய ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தது. தலைவர் நாற்காலி மாசிலாமணிக்கு. முதல்வர் மேசையிலிருந்த அழைப்பு மணியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்திருந்தார்கள். தில்லியில் வெளியுறவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற சுப்பராயலு என்பவர்தான் சிறப்பு விருந்தினர்.

ஆரம்பிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது செல்வகுமார் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான்.

"சார், நீங்க கவலையே படாதீங்க. எல்லாரையும் ஒக்கார வச்சுப் பேசி முடிச்சாச்சு. அந்த ஒரு வரிய எடுத்துட்டோம். இசைவாணியும் சரின்னுட்டுது. தீர்மானம் அன்னபோஸ்ட்!"

அன்னபோஸ்ட். போட்டியில்லாமல், ஓட்டே போடாமல் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்தப் பக்கத்தில் சொல்லும் வார்த்தை. ஊருக்கு அதில் ஒரு கௌரவம். போட்டி வந்தால் பகை வருமாம், அதனால் முன்கூட்டியே பேசி, ஒதுங்கவேண்டியவர்களை ஒதுங்கச் சொல்லிவிடுவார்கள். செல்வகுமார் வீட்டில் அவன் பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்து வளர்ந்திருக்கிறான். இரண்டு மணி நேரம் வாதாடிக் காட்டவேண்டிய ஐ.நா. சபையையும் அவன் அப்படியே முடித்துவைத்துவிட்டான், நல்ல மனசோடுதான்.

மாசிலாமணிக்கு அந்த வார்த்தை புதிதா என்ன? இரண்டாயிரத்து இருபத்தொன்றில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, ஊராட்சித் தலைவர் பதவிக்கு அவரும் மனு போட்டார். பொதுத் தொகுதிதான், யார் வேண்டுமானாலும் நிற்கலாம். காலனித் தெருவிலிருந்து யாரும் நின்றதில்லை, அவ்வளவே. மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் அவர் வீட்டுக்கு வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஜெயம் பயந்துகொண்டே டீ கொண்டுவந்தாள். அதுவரை அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்திராதவர்கள், அன்றைக்கு டம்ளர் காலியாகும்வரை குடித்தார்கள். "ஊரு ஒத்துமையா இருக்கணும் வாத்தியாரே. நீங்க படிச்சவரு, ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை போட்டுத் தர்றோம்" என்றார்கள். மறுநாள் போய் மனுவைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்துப் போட்டார். பாதைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டார். பாதை வரவில்லை. இரண்டு வருடம் கழித்து அப்பா செத்தபோது, நடவு நட்ட சேற்றில் முழங்கால் புதையத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பிடித்த களைப்புதான் அவருக்கு இன்னும் விடவில்லை.

இத்தனையும் நினைத்தாரா? நினைத்தார். ஆனால் அதே நேரத்தில், சண்டை வராது, ஜூனில் பெயர் இருக்கும் என்று உள்ளே ஒரு நிம்மதியும் பரவியது. பாவி மனசு, அந்த நிம்மதிதான் முதலில் வந்தது. இசைவாணியைக் கூப்பிட்டு, "ஏம்மா ஒத்துக்கிட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சபை கூடியது. செல்வகுமார் எழுந்து தீர்மானத்தைப் படித்தான். தீவு மக்களின் துயர் கவனத்தில் கொள்ளப்படும், உதவி பரிசீலிக்கப்படும், இடம் ஆராயப்படும். அந்த ஒரு வரி மட்டும் இல்லை.

"ஆட்சேபனை உண்டா?" என்று விதிப்படி மூன்று முறை கேட்டார் மாசிலாமணி. மூன்றாவது முறை கேட்கும்போது அவர் கண் துவாலுவின் அட்டைப் பக்கம் போனது. இசைவாணி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதிவைத்த தாள்கள் அவள் கையடியில் நான்காக மடிந்து கிடந்தன. மணியை அடித்தார். கூடமே கைதட்டியது. எல்லாம் சேர்த்து ஏழு நிமிடம்.

சுப்பராயலு அசந்துபோனார். "நான் முப்பது வருஷம் இதுலயே இருந்தவன். இவ்வளவு ஒற்றுமைய எங்கயும் பார்த்ததில்ல" என்று மைக்கில் சொன்னார். முதல்வர் முகத்தில் பூரிப்பு. போட்டோ எடுத்தார்கள். சீக்கிரம் முடிந்ததால் சமோசா, டீ சீக்கிரமே வந்தது. பாதிப் பேர் சமோசாவைக் கையில் பிடித்தபடியே பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

மாசிலாமணி டீயோடு வராந்தாவுக்கு வந்தார். குடிநீர்க் குழாய்ப் பக்கம் இசைவாணி தனியாக நின்றிருந்தாள். இப்போதுதான் கேட்டார், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

"அந்த வரிய விடமாட்டேன்னியேம்மா. அவங்க மெரட்டினாங்களா?"

"இல்ல சார்."

"பின்ன?"

"செல்வகுமார்தான் சொல்லுச்சு சார். நான் எழுந்து பேசினா சண்டை வரும், சண்டை வந்தா ஒங்கள ஜூன்ல கூப்புட மாட்டாங்கன்னு. ஒங்களுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுன்னு. அது நெசம்தானே சார்? அதான் போவுதுன்னு விட்டுட்டேன்."

மாசிலாமணியின் கையில் இருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தன்னை ஒதுங்கச் சொல்ல ஐந்து பேர் வீடு தேடி வரவேண்டியிருந்தது. இன்றைக்கு இந்தப் பெண்ணை ஒதுங்க வைக்கத் தன் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. அழுதுவிடுவோமோ என்று பயந்தார்.

டம்ளரைக் குழாய் மேடையில் வைத்தார்.

"வா உள்ள."

"வேணாம் சார்."

"என் வேலைய நான் பாத்துக்கறேன். நீ ஒன் நாட்டப் பாரு."

உள்ளே போய்த் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து மணியை அடித்தார். சமோசா தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல்வர் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"என்ன மாசிலாமணி, இன்னும் என்ன?"

"ஒரு தப்பு நடந்துபோச்சுங்க சார். தலைவர் பண்ண தப்பு. ஒரு நாட்டப் பேச வுடல."

"அதான் முடிஞ்சுதே!"

"முடியலீங்க சார்." மைக்கைப் பிடித்துக்கொண்டார். "துவாலு. மூணு நிமிஷம்."

கூடத்தில் அப்போது ஒன்பது நாடுகள்தான் மிச்சம் இருந்தன. மற்ற மேசைகளில் அட்டைகளும் காலி டம்ளர்களும். செல்வகுமார் தோளில் மாட்டிய பையோடு வாசலில் நின்றான். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. சுப்பராயலு கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்.

இசைவாணி மடித்த தாள்களைப் பிரிக்கவே இல்லை. பதினோரு நாள் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்ததைச் சொன்னாள், அது துவாலு இல்லை என்று யாரும் குறுக்கே சொல்லவில்லை. "சோறு கொடுத்தாங்க, பாய் கொடுத்தாங்க. எங்க போறீங்கன்னு ஒருத்தர்கூடக் கேக்கல. எங்களுக்குச் சோறு வேணும்தான். அதோட கேக்கவும் வேணும்" என்றாள். மூன்று நிமிடம் தாண்டி ஐந்து நிமிடம் ஆயிற்று. மாசிலாமணி மணியைத் தொடவில்லை. கடைசியில் அவள், "இந்தத் தீர்மானத்துக்கு என் நாடு ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. வாசலில் நின்ற செல்வகுமார் தலையைக் குனிந்துகொண்டான்.

அரைமணி கழித்து மாசிலாமணி முதல்வர் அறையில் இருந்தார். அறிக்கையை அலுவலகத்தில் காலையிலேயே டைப் அடித்து வைத்துவிட்டார்கள். சபை கூடும் முன்பே, 'தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது' என்று அதில் இருந்தது. கீழே அவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். முதல்வர் பேனாவை நகர்த்தினார்.

மாசிலாமணி 'ஒருமனதாக' என்ற சொல்லை அடித்தார். அதற்கு மேலே சின்ன எழுத்தில், 'துவாலு நீங்கலாக' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

முதல்வர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் ஒங்களுக்குத் தேவையா? ஜூன் மாசத்த நெனச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க சார்" என்றார் மாசிலாமணி. சாப்பாட்டுப் பையை எடுத்து மாட்டிக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வர்றேன்."