கிச்சாப்புக்குக் கொடுத்த இரண்டு பிஸ்கட்

சிசிடிவியில் என்னை நானே பார்த்து இரண்டு வாரம் ஆகிறது. அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை.

அழகைச் சொல்லவில்லை. அந்த அதிர்ச்சியைக் கண்ணாடி தினமும் கொடுக்கிறது, பழகிவிட்டது. இது வேறு.

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு நாயைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பே பீற்றியிருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்காக: கறுப்பு நிறம், அதனால் சோயா சாஸின் மலாய்ப் பெயர் – கிச்சாப். எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் திருடன் புகுந்த பிறகு வாங்கியது. குரைக்கத்தான் வாங்கினோம். அதுவோ கூரியர்காரரைப் பார்த்து வாலை ஆட்டியது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

ஒருநாள் என்ன நினைத்ததோ, 'வள்' என்றது. ஓடிப்போய் ஒரு பிஸ்கட் கொடுத்தேன். அதிலிருந்து குரைத்தால் பிஸ்கட். ஆறே மாதம்... கூரியர்காரர் பார்சலை கேட்டுக்கு மேலாக வீசிவிட்டு ஓடினார். நான் பூரித்துப் போனேன். சொந்தப் பிள்ளை பட்டம் வாங்கியபோதுகூட அவ்வளவு பூரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சரோ – என் மனைவி – பக்கத்து வீட்டு அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கைலியோடு சோபாவில். டிவியில் படம். வாசலில் கிச்சாப் ஆரம்பித்தது. சாதாரணக் குரைப்பு இல்லை, கேட்டே பெயர்ந்துவிடும் போலிருந்தது. வாட்டர் ஃபில்டர் விற்கிறவராக இருக்கும் என்று நினைத்தேன். எழுந்து பார்த்தேனா? டிவி சத்தத்தைத்தான் கூட்டினேன்.

சாயங்காலம் சரோ போஸ்ட் பாக்ஸிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள். அவள் தம்பி குணாவின் கையெழுத்து. அவன் மகளுக்குக் கல்யாணம்.

சரோ அப்படியே நின்றுவிட்டாள்.

ஏன் என்று சொல்ல வேண்டும். குணா எங்களோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. அதே மகளின் இருபத்தோராவது பிறந்தநாளில் யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். குணா ஆறு தடவை லைசென்ஸ் டெஸ்ட்டில் ஃபெயிலான கதையைச் சொன்னேன். ஹால் சிரித்தது. இன்னொன்று சொன்னேன். இன்னும் பலமாகச் சிரித்தது. மூன்றாவதையும் சொன்னேன். சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. என்னால்தான் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. குணாவுக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது கார்டு வந்திருக்கிறது. ஆனால் போஸ்ட் பாக்ஸில். கல்யாணத்துக்கு அத்தையை அழைப்பதென்றால் தட்டோடு வந்து கையில் கொடுக்க வேண்டாமா? வீடு தேடி வந்தவன் ஏன் பெட்டியில் போட்டுவிட்டுப் போனான்?

சரோ கைப்பேசியில் வாசல் கேமராவைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

குணா வெள்ளைச் சட்டையில். அவன் மனைவி பட்டுச்சேலையில், கையில் பழத்தட்டு. கிச்சாப் கேட் கம்பிக்கு வெளியே மூஞ்சியை நீட்டிப் பாய்கிறது. பல்லு சேலையில் படும் தூரம். அந்தப் பெண் பதறிப் பின்னால் நகர, தட்டு சரிகிறது. ஆப்பிள் உருண்டு வாசல் சாக்கடையில் விழுகிறது. குணா "அக்கா... மாமா..." என்று கூப்பிடுகிறான். திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறான். பத்து நிமிடம்.

கிச்சாப் நான்கு தடவை குரைக்கும். திரும்பி வீட்டுக் கதவைப் பார்க்கும். மறுபடி குரைக்கும், மறுபடி கதவு. வந்தவர்கள்மேல் அதற்கு ஒரு கோபமும் இல்லை. அது என்னைத் தேடிக்கொண்டிருந்தது.

கேமராவில் சத்தமும் பதிவாகும். குணா மனைவியிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"உள்ளதான் இருக்காங்க. டிவி சத்தம் கேக்குது பாரு. நாய அவுத்து விட்டுட்டு உக்காந்திருக்காங்க. வா, போலாம்."

கார்டு பெட்டிக்குள் விழுந்தது. கார் போனது. அடுத்து கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஒரு தொப்பை வெளியே வருகிறது. அந்தத் தொப்பை சொல்கிறது: "குட் பாய்! வெரட்டிட்டியா? அப்படித்தான் இருக்கணும்."

ஒரு பிஸ்கட் இல்லை. இரண்டு.

சரோ கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்: "மூணு வருசம் கழிச்சு என் தம்பி வாசலுக்கு வந்தான்." அன்றைக்கு இரவு அவள் சாப்பிடவில்லை. குணா அவள் போனை எடுக்கவில்லை.

மறுநாள் கிச்சாப்பை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். இது ஏன் இப்படி மூர்க்கமாகிவிட்டது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். குரைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். சொன்னேன். நாயிடம் கோளாறு இல்லை, சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்கிறது என்றார். ஆள் வந்தால் கட்டிப் போடுங்கள், வாயை மூடியிருக்கும்போது பிஸ்கட் கொடுங்கள் என்றார்.

வரும் வழியெல்லாம் அந்த மைக்தான் ஞாபகம். மூன்றாவது ஜோக்கைச் சொல்லும்போது நான் குணாவைப் பார்க்கவே இல்லை. சிரிக்கிறவர்களைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

வாட்சாப்பில் நானும் எனக்குத் தெரிந்த பாதிப் பேரும் இப்படித்தான் குரைக்கிறோம், இல்லையா? யாரோ ஒருவர் பிஸ்கட் போடுவார் என்று...

சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு குணா இருக்கும் ரெங்கம் போனோம். போன் பண்ணவில்லை. குணா கதவைத் திறந்தான். சரோவைப் பார்த்தான். என்னைப் பார்க்காமல் என்னிடம் பேசினான்.

"நாயி நல்லாருக்கா மாமா?"

என் நாக்கு நுனியில் மூன்று ஜோக் வந்து நின்றது. மூன்றையும் விழுங்கினேன். கைப்பேசியை நீட்டினேன். "முழுசா பாரு குணா. கடைசி வரைக்கும்."

வாட்டர் ஃபில்டர்காரர் என்று நினைத்து வெளியே வந்து பார்க்காதது தப்பு, அந்தப் பிறந்தநாளில் பேசியது அதைவிடப் பெரிய தப்பு என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவன் வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பை வெளியே வந்தது. பிஸ்கட் வந்தது. முகம் மாறவில்லை. ரீவைண்ட் பண்ணினான். மறுபடி பார்த்தான். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டான். "இங்க வந்து பாரேன். மாமா கைலியோட வர்றாரு."

அவள் சிரித்தாள். அப்புறம்தான் அவன்.

பிறகு இருவரும் உள்ளே போய்த் தட்டில் பழம், வெற்றிலை, புதுக் கார்டு எல்லாம் வைத்து எடுத்து வந்தார்கள். குணா தட்டை அக்கா கையில் கொடுத்தான். "நலங்குக்கு நீதான்க்கா மொத ஆளு." சரோ வாங்கிக்கொண்டாள். தலையை ஆட்டினாள்.

என் பக்கம் திரும்பினான். "நீங்களும் கண்டிப்பா வரணும் மாமா. ஆனா மைக் பக்கம் வராதீங்க லா."

கிச்சாப் தேறிக்கொண்டிருக்கிறது. நேற்று கூரியர்காரரைப் பார்த்து நான்கு குரை குரைத்தது. என்னைப் பார்த்தது, நான் வானத்தைப் பார்த்தேன். குழம்பிப் போய் வாயை மூடியது. கொடுத்தேன், ஒன்று.

கல்யாணம் முடிகிறவரை நானும் வாயை மூடியிருந்தால், சரோவின் ஹேண்ட்பேக்கில் எனக்கும் ஒரு பிஸ்கட் இருக்கிறதாம்.