மான் கிடைக்காத மாரி

எங்கள் வீட்டில் வெளிக்கிடுகிற ஆளிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம்தான். எல்லா அறையிலும் மாதா படம் தொங்கியது. ஆனாலும் மாதா பார்க்க வேண்டியதை மாதா பார்ப்பார், சகுனத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று பெரியவர்கள் வேலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். நான் அம்மாவும் அப்பாவும் ஊர்விட்டு வந்து குடியேறிய நோர்பரியில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் யாரும் எதையும் கேட்கலாம், கேட்டால் டீச்சர் பாராட்டுவார். அந்தப் பழக்கத்தில் வீட்டிலும் கேள்வி கேட்டுக்கொண்டே திரிந்தேன்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அம்மாவுக்கு வருத்தம் வந்தது. மருந்து ஏற்ற ஏற்ற அவருக்குச் சாப்பாடு வெறுத்துப்போனது. அப்பா விதவிதமாகச் சமைத்துப் பார்த்தார். எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்கினது போல இருக்கிறது என்று அம்மா தட்டைத் தள்ளிவைப்பார். இரவில் அந்தத் தட்டை அப்பா குசினியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார்.

ஒருநாள் பின்னேரம் மாமா வந்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. பக்கத்தில்தான் இருந்தார், வான் ஓட்டிப் பார்சல் கொடுக்கிற வேலை. கட்டில் கரையில் உட்கார்ந்து, "என்ன சாப்பிட விருப்பம் அக்கா? சொல்லுங்கோ, எங்கை இருந்தெண்டாலும் கொண்டு வாறன்" என்றார்.

அம்மா நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். பிறகு, "மான் இறைச்சி" என்றார். "நல்ல உறைப்பாப் பிரட்டி, ஒருக்காச் சாப்பிட்டால் போதும். அதுக்குப் பிறகு எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அம்மாவின் அப்பா வன்னிக் காடுகளில் துப்பாக்கியோடு திரிந்தவர். அந்த வீட்டில் வளர்ந்த அம்மாவுக்கு மான் ஒன்றும் அதிசயமில்லை. எனக்குத்தான் அது கிறிஸ்மஸ் கார்டில் வருகிற மிருகம். அதைச் சாப்பிடுவதா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அம்மா ஏதோ கேட்டுவிட்டார் என்பதே வீட்டில் பெரிய சந்தோஷம். அடுத்த நாளே அப்பா சூப்பர்மார்க்கெட்டில் மான் இறைச்சிப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பண்ணையிலை தீன் போட்டு வளர்த்தது. காடு காணாத மான் என்ன மான்?"

பெட்டி ஃப்ரீசருக்குப் போனது. மாமா எழுந்து, காட்டு மான் தன் பொறுப்பு என்றார்.

வேலையிடத்தில் மாமாவுக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சிநேகிதம். சசெக்ஸில் ஒரு பண்ணையில் மான்கள் பயிரை மேய்ந்து நாசமாக்குகின்றன என்று, பண்ணைக்காரரே அவருக்குச் சுட அனுமதி கொடுத்திருந்தார். துப்பாக்கியும் உரிமமும் கிழவருடையவை. அவர் பக்கத்தில் நின்றால் மாமாவும் சுடலாமாம். பெண் மான் சீசன் குளிர் மாரியோடு நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும் என்று மாமா விளக்கினார். பள்ளிக்கூடம் போல மானுக்கும் டேர்ம் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் சனிக்கிழமை மத்தியானம் மாமா பச்சை ஜாக்கெட்டும் முழங்கால் வரைக்கும் சப்பாத்துமாக வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டு இறங்கினார். அப்பா பெரிய சட்டியைக் கழுவி அடுப்பில் கவிழ்த்து வைத்திருந்தார். மாமா கதவில் கை வைத்த நேரம் நான் மேலேயிருந்து ஓடிவந்து, "மாமா, எங்கை போறியள்?" என்று கேட்டேன்.

மேலே கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"கேட்டிட்டாளோ? இனி எங்கத்தை மான்!"

மாமா திரும்பி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் புதிதாக வெளிக்கிட்டார். அதுதான் பரிகாரம். பரிகாரம் பலிக்கவில்லை. அடுத்த நாள் பூசை முடிந்து வெறுங்கையோடு வந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு சனிக்கிழமை மத்தியானம் மாமா படியிறங்கும்போதெல்லாம் அப்பா என் வாயில் ஒரு டொபியைத் திணித்துவிடுவார். நானும் டொபிக்கு மேலாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவின் கட்டில் ஓரத்தில் நிற்பேன். அவ்வளவு செய்தும் மான் கிடைக்கவில்லை. ஒருநாள் மூடுபனி. ஒருநாள் யாரோ ஒரு பெண் நாயோடு குறுக்கே வந்துவிட்டாள். ஒருநாள் கிழவர் தும்மிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தத் தோல்விக் கதைகளை மாமா கட்டில் கரையில் இருந்து சொல்வார். அம்மா தலையணையை நிமிர்த்தச் சொல்லிவிட்டு விசாரணையைத் தொடங்குவார்.

"காத்து எந்தப் பக்கத்தாலை?"

"மேற்காலை, அக்கா."

"மான்?"

"கிழக்காலை நிண்டது."

"நீ?"

"நானும் மேற்குப் பக்கம்தான்..."

"அட விசரா! காத்தைப் பிடரியிலை வாங்கிக்கொண்டு நிண்டால், நீ வாறது மானுக்கு மணக்காதோ?"

அம்மா சிரிப்பார், சிரித்து இருமுவார். இருமல் அடங்கியதும் அடுத்த கிழமை எந்த மரவேலிக்குப் பின்னால் படுக்கவேண்டும், எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கவேண்டும் என்று படம் கீறிக் காட்டாத குறையாகச் சொல்லிக்கொடுப்பார். மாமா பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டுவார். கதை நடக்கும்போது அப்பா கஞ்சிக் கோப்பையைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகுவார். கதை முடிகிறபோது கோப்பையில் பாதி குறைந்திருக்கும். மற்ற நாட்களில் அப்பா கரண்டியோடு கெஞ்சினாலும் அது குறையாது.

நத்தார் பண்டிகைக்கு முந்திய ஒரு ஞாயிறு, மாமா ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். மான் வந்ததாம், குறி வைத்தாராம், கிளை முறிந்த சத்தத்தில் அது பாய்ந்துவிட்டதாம். அம்மா இடையில் ஒன்றும் கேட்கவில்லை. மாமாவின் வலது கையைப் பிடித்துத் தன் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் விரல் விரலாகப் பார்த்தார். பிறகு தலைமாட்டிலிருந்த தையல் ஊசியை எடுத்து மாமாவின் பெருவிரல் நகத்துக்குள் கறுப்பாகக் காய்ந்திருந்ததைக் கிண்டி எடுத்து, டிஷ்யூவில் துடைத்தார், அது செம்மண் நிறமாகப் பட்டது. எனக்கு இது புதினமாக இல்லை. நகத்தில் ஊத்தை இருந்தால் அம்மா என்னையும் விடமாட்டார். மாமா மட்டும் கதையைப் பாதியில் விட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் அம்மா. "வாற கிழமை பாப்பம்."

தை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. இனி மருந்து ஏற்றத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள் என அப்பா சொன்னபோது நான் துள்ளிக் குதித்தேன். மருந்து நின்றால் சுகம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம். வகுப்பிலும் அப்படித்தான் சொன்னேன். டீச்சர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அதையும் வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டேன்.

மாமா விடவில்லை. வானில் நாள் முழுக்க ஓடிக் களைத்தவர் சனிக்கிழமை ஆனால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நிற்பார். பனி கொட்டிய கிழமையிலும் போனார். போகவேண்டாம், குளிருக்குள் நீயும் விழுந்துவிடுவாய் என்று அப்பா தடுத்துப் பார்த்தார்.

"சீசன் முடியேல்லை அத்தான்" என்றார் மாமா. "அக்கா அந்த மானைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறா."

எனக்குத்தான் நம்பிக்கை விட்டுப்போனது. அப்பா சனி தவறாமல் சட்டியைக் கழுவி வைப்பதும், ஞாயிறு அதைத் துடைத்துத் திரும்ப அலுமாரிக்குள் அடுக்குவதும் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. ஒருநாள் அம்மாவிடம், மாமாவுக்குச் சுடவே தெரியாது என்று சொல்லிவிட்டேன். வருத்தம் வந்த பிறகு அம்மா என்னை அதட்டினது அந்த ஒருமுறைதான்.

"அப்பிடிச் சொல்லாதை. சின்னனிலையே அவன் குறி தப்பமாட்டான்."

குறி தப்பாத ஆளுக்கு மாரி முழுக்க ஒரு மான்கூடவா கிடைக்காது? அம்மா தம்பியை விட்டுக்கொடுக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் முடிவதற்குள் அம்மா மிகவும் சுருங்கிப்போனார். கஞ்சி இரண்டு கரண்டியாகி, பிறகு பஞ்சில் நனைத்த தண்ணீராகியது. ஆனால் ஞாயிறு என்று ஒன்று இருந்தது. மாமா வருகிற சத்தம் கேட்டால் கண்ணைத் திறந்து, தலையணையைக் காட்டுவார். கதையில் காற்று எந்தப் பக்கம் என்று மாமாவே கேட்டு மாமாவே பதில் சொன்னார். அம்மா உதட்டை மட்டும் அசைத்தார். விசரா என்று சொல்கிறார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

சீசனின் கடைசிச் சனி மாமா சொல்லிக்கொள்ள வந்தபோது அம்மாவுக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தது. "காத்தைப் பாத்து நில்" என்றார். மாமா தலையாட்டிவிட்டு இறங்கினார். அப்பா வழக்கம்போல என் வாயில் டொபியைத் திணித்துவிட்டுச் சட்டியைக் கழுவப் போனார். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அம்மா விரலை அசைத்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார். கையை ஏந்தி, "துப்பு" என்றார்.

டொபியை அவருடைய உள்ளங்கையில் துப்பினேன்.

"ஓடிப்போய், மாமா எங்கை போறியள் எண்டு கேள்."

எனக்குத் தலை சுற்றியது. "கேட்டால் மான் கிடைக்காதே அம்மா!"

"ஓம். கேள்."

அம்மா சொன்னால் செய்யவேண்டும். நான் படிகளில் தடதடவென்று இறங்கி, மாமா கதவில் கை வைத்திருந்த நேரம், மாரி முழுக்க அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கத்திக் கேட்டேன்.

மாமா கதவிலிருந்து கையை எடுத்தார். குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்போது மேலேயிருந்து, எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ, பழைய குரல் கேட்டது.

"கேட்டிட்டாளோ? இனி எங்கத்தை மான்!"

மாமா திரும்பி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் வாங்கினார், குடிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, மேலே கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"ஓம் அக்கா! இனி ஏப்ரலுக்குத்தான். ஆண் மான் சீசன் தொடங்குது!"

மேலே சிரிப்புப் போல ஏதோ கேட்டது. நான் திரும்பிப் போனபோது டொபி அம்மாவின் கைக்குள்ளேயே இருந்தது. எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பழி மறுபடியும் என் தலையில்தான் என்று கோபமாக இருந்தது.

அம்மா ஏப்ரல் நடுவில் போய்விட்டார். ஆண் மானுக்கும் மாமா போய் வந்து இரண்டு ஞாயிறு கதை சொன்னார். இரண்டாவதை அம்மா கேட்டாரோ தெரியாது, மாமா முழுதாகச் சொல்லி முடித்தார்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு முந்திய சனி, ஒருவரிடமும் சொல்லாமல் மாமா போய்விட்டு, துணியில் சுற்றிய பெரிய பொதியோடு வந்தார். காட்டு மான். அப்பா கழுவி வைக்காமலே சட்டி அன்று அடுப்பேறியது. உறைப்பாக, பிரட்டலாக. அப்பாவும் மாமாவும் சேர்ந்து சமைத்தார்கள். அடுத்த நாள் பூசை முடிந்ததும் அப்பா ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தார். பூசை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்த சுவாமியார் கண்டும் காணாதது போல ஜெபத்தைச் சொல்லி முடித்தார்.

சாப்பிட வந்தவர்களில் மாமாவோடு வேலை செய்கிற ஒருவரின் குடும்பமும் இருந்தது, கோலியர்ஸ் வுட்டிலிருந்து வந்தவர்கள். அந்த அன்ரி கறியை வாயில் வைத்துவிட்டு, "நத்தாருக்கு நீங்கள் தந்த மான் இறைச்சி இன்னும் பஞ்சு மாதிரி இருந்தது தம்பி. மாசியிலை தந்ததும் அப்பிடித்தான்" என்று மாமாவிடம் சொன்னார். மாமா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. அன்ரி ஆள் மாறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமாவுக்கு மான் கிடைக்காதது எங்கள் தெருவுக்கே தெரியுமே.

என்னுடைய கணக்கு வேறு. இந்த முறை எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, மான் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். கடைசிச் சனியும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும், அம்மா சாப்பிட்டிருப்பார், எழும்பியிருப்பார்.

அப்பா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். நான் போகவில்லை. படத்துக்கு முன்னால் நின்று, ஆறிக்கொண்டிருந்த தட்டைக் காட்டி, "கேள் எண்டு சொன்னது நீங்கள்தானே" என்று அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.