எல்லாம் டி-யில் இருக்கு

முதலில் கண்ணில் படுவது இரண்டு உள்ளங்கால்கள்தான். ஆள் மேசைக்கடியில் இருக்கிறார். "யாருங்க இந்த ப்ளக்கைப் புடுங்கினது?" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். யாரும் பிடுங்கவில்லை, கூட்டிப் பெருக்கும்போது துடைப்பம் பட்டுக் கழன்றிருக்கும். அழுத்திச் செருகிவிட்டு, மேசை விளிம்பில் மண்டையை இடித்துக்கொண்டு வெளியே வருவார். இடிக்காமல் வந்து நான் பார்த்ததே இல்லை. "ஒண்ணுமில்ல, உயிர் வந்துடுச்சு" என்பார். அதற்குள் திரையில் வெளிச்சம் வந்திருக்கும். டீயும் வந்திருக்கும்.

எங்கள் தெருவில் அவருக்கு டாக்டர் என்று பெயர். பட்டமெல்லாம் கிடையாது. மோட்டார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பர். கிடங்குக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தில், பழுது பார்க்க வருகிறவன் பின்னாலேயே நின்று நின்று கற்றுக்கொண்ட வித்தை. எனக்கு அக்காவின் கணவர், ஆகவே மாமா. இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். அதனால் அவருடைய வைத்தியத்தை ஆரம்பத்திலிருந்தே பார்க்கிற பாக்கியம் எனக்கு.

சட்டைப் பையில் ஒரு பெயின்ட் பிரஷ், ஒரு டெஸ்டர், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய சில பென் டிரைவ்கள். பிரஷ் தூசி தட்ட. சாப்பாட்டில் கை வைத்திருக்கும்போது போன் வந்தாலும் எடுப்பார், இடது கையால். "லைட் எரியுதா? என்ன கலர்ல? எதையும் தொடாதீங்க, இதோ வந்துட்டேன்." தட்டு அப்படியே இருக்கும். அக்கா அதன் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைப்பாள்.

கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். பத்துக்கு ஒன்பது கோளாறு அவர் சொல்கிற மாதிரித்தான் இருக்கும். "எதுவா இருந்தாலும் முதல்ல ஆஃப் பண்ணு. நிதானமா ஒரு டம்ளர் தண்ணி குடி. அப்புறம் ஆன் பண்ணு. தண்ணி உனக்கில்ல, அது மூச்சு விடறதுக்கு நேரம்." திரையின் பொத்தானை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியூர் போகிறவர்களைத் திட்டுவார். இன்டர்நெட் பெட்டியை அலமாரிக்குள் பாத்திரங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறவர்களிடம், "வாயில துணிய அடைச்சிட்டு, ஏன் பேச மாட்டேங்குதுன்னு கேட்டா எப்படி?" என்பார். கம்ப்யூட்டர் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, பின்னால் காற்று போகவேண்டும் என்பார். "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்குன்னு திரையில ஒருத்தன் வந்து கத்தினா, அவன்தான் வைரஸ். நம்பரைக் கூப்பிடாதீங்க, மூடிட்டு எந்திரிங்க." எல்லாம் நியாயமான பேச்சு. வாசகர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

காசு வாங்க மாட்டார். "காசு வாங்கினா அப்புறம் அது என்ன பழக்கம்?" என்பார். தெருவே உருகும். தங்கமான மனுஷன், இந்தக் காலத்தில் யார் செய்வார்கள் என்பார்கள். சும்மா செய்கிறவரிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

ஊருக்கெல்லாம் டாக்டர், வீட்டில் மட்டும் வைத்தியம் கிடையாது. அக்காவின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு ஒரு பக்கம் மூடியே இல்லை. எப்போதோ கழற்றியது, திருகாணி தேடுகிறார், இன்னும் தேடுகிறார். அதற்குள்ளிருந்து ஒரு மெமரித் துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய், எதிர்வீட்டு டீச்சரம்மாவின் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு வந்தார் ஒரு நாள். அன்றிலிருந்து அக்கா ஒரு கோடு போட்டால், அது திரையில் தெரிவதற்குள் அவள் கொட்டாவி விட்டு முடித்திருப்பாள். "இப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டாளாம். "அவங்களுக்கு அவசரம். உனக்கென்ன, வீட்லதானே இருக்கே?" என்றாராம்.

வீட்டில்தான் இருந்தாள். எம்ப்ராய்டரி மிஷினுக்கு டிசைன் போடுகிறவள் என் அக்கா. துணியில் நீங்கள் பார்க்கிற பூ, முதலில் கம்ப்யூட்டரில் வரையப்படுகிறது. இதழின் எந்த ஓரத்தில் ஊசி முதலில் இறங்கவேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து ஓடவேண்டும், எங்கே நூல் மாறவேண்டும் என்று தையல் தையலாகச் சொல்லிக் கொடுத்தால்தான் மிஷின் தைக்கும். ஒரு மயிலின் கழுத்து சரியாக வர ஒரு வாரம் உட்கார்ந்திருப்பாள். பெண் பிறந்தபோது ஆரம்பித்தாள். பெண் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அத்தனை வருஷத்து வேலையும் அந்த மூடியில்லாத பெட்டிக்குள் இருந்தது.

மாமாவின் வைத்தியத்தில் கடைசிப் படி ஒன்று உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் கிளம்புகிறதற்கு முன்னால் அதைச் செய்யாமல் வரமாட்டார். கம்ப்யூட்டரில் டி என்று ஒரு டிரைவ் இருக்கும், இல்லையென்றால் உண்டாக்குவார். சி-யில் இருக்கிற போட்டோ, கணக்கு வழக்கு, கல்யாண வீடியோ எல்லாவற்றுக்கும் ஒரு காப்பி எடுத்து டி-யில் போடுவார். மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார்: "இனிமே சி செத்தாலும் கவலையில்ல. எல்லாம் டி-யில் இருக்கு." அக்காவின் டிசைன்களுக்கும் அதைச் செய்திருந்தார். தனியாக ஒரு டிஸ்க் வாங்கலாமே என்று அவள் கேட்டபோது, "டி-ன்னு ஒண்ணை எதுக்கு வச்சிருக்கான்?" என்று சிரித்தார்.

இந்த நேரத்தில்தான் அந்த ஆயத்த ஆடைக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. டிசைன் பிரிவுக்குத் தலைமையாக ஆள் வேண்டும். உங்களிடம் உள்ள டிசைன் ஃபைல் எல்லாவற்றையும் திங்கட்கிழமை கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம் என்று அந்த மேனேஜரம்மாவே பேசினாள். அக்கா என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "எனக்குன்னு ஒரு மேசை இருக்குமாம்டி" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. அவள் ஓடி நான் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

அதே வாரம் பெட்டிக்குள் டக் டக்கென்று ஒரு சத்தம். நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. கடையில் கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்றாள் அக்கா. மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னை வச்சுக்கிட்டு கடைக்குப் போறியா? தெருவுல என்ன நினைப்பாங்க? ஃபேன்ல தூசி, அவ்வளவுதான்." பிரஷ்ஷால் தட்டினார். சத்தம் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதோ சுத்தம் செய்கிற புரோகிராமை ஓடவிட்டார். அது மூலை முடுக்கெல்லாம் தேடிச் சரிபண்ணுமாம். நாள் பூராவும் ஓடியது. அக்கா சமையலறைக்கும் மேசைக்குமாக நடந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் சத்தம் நின்றது. "பாத்தியா, நின்னுடுச்சு" என்றார் மாமா, கையைத் தட்டிக்கொண்டு. திரை கறுப்பாக இருந்தது. தண்ணீர் குடித்துப் பார்த்தோம், மூன்று பேருமே.

திங்கட்கிழமை போகவேண்டிய இடத்துக்குப் போகாமல், டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கடைத்தெருவுக்குப் போனோம். டிஸ்கிலிருந்து ஃபைல் மீட்டுக் கொடுக்கிற கடை. கண்ணாடி போட்ட ஒரு பெண் அதைக் காதில் வைத்துக் கேட்டாள்.

"சத்தம் எப்பலேருந்து?"

"ஒரு வாரமா."

"கேட்ட உடனே ஆஃப் பண்ணிட்டுக் கொண்டு வந்திருந்தீங்கன்னா முக்கால்வாசி எடுத்திருப்பேன். நாள் பூரா ஓட விட்டிருக்கீங்க. உள்ள சுத்தற தட்டே கீறிப்போச்சு. வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"அதெல்லாம் இருக்கும்மா" என்றார் மாமா, கொஞ்சம் தெம்பாக. "டி-யில எடுத்து வச்சிருக்கேன்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டி-யும் இதே டிஸ்க்தானே சார்? பீரோவுக்குள்ள லாக்கர் மாதிரி. திருடன் பீரோவையே தூக்கிட்டுப் போயிட்டா லாக்கர்ல வச்சது மட்டும் இருக்குமா?"

கேலியாகச் சொல்லவில்லை அவள். தினமும் யாரோ ஒருவருக்குச் சொல்கிற பேச்சு அது. மாமா கவுண்டரில் கிடந்த டிஸ்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரியாது. தெரியவே தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக அவர் டி என்றால் வேறொரு பெட்டி என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், உள்ளே எங்கேயோ.

வீட்டுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோ" என்றார்.

"போனது என் தலைதாங்க" என்றாள் அக்கா.

கம்பெனியில் ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் கேட்டுக் கொஞ்சம் வாங்கினாள். அவை தைப்பதற்கு மட்டும் ஆகிற ஃபைல்கள்; அளவை மாற்றவோ இதழைத் திருப்பவோ முடியாது. தைத்த துணித் துண்டுகளை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போனாள். மேனேஜரம்மா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, "என்ன கை உங்களுக்கு!" என்றாளாம். பிறகு, "ஃபைல் இல்லாம நான் மேல என்னன்னு சொல்றது?" என்றாளாம். வேலை வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

அக்கா அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. மாமாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒவ்வொரு வீடா போய்ச் சொல்லிட்டு வாங்க. டி-யும் அதே பெட்டிதான்னு சொல்லுங்க. தனியா ஒரு டிஸ்க் வாங்கி, அதுல காப்பி எடுத்து, கழற்றி வேற இடத்துல வைக்கச் சொல்லுங்க. என்னோடது போச்சு. அவங்களோடதாவது இருக்கட்டும்."

"சொல்லிடறேன்" என்றார்.

நான் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். எனக்கு வாய் நீளம், அரை நாளில் தெரு முழுக்கச் சொல்லிவிடுவேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. அவர் வாயாலதான் வரணும். எனக்கு அது ஒண்ணாவது வேணும்."

தினமும் மாலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீடு வீடாகப் போனார். மேசைக்கடியில் புகுந்தார், மண்டையை இடித்துக்கொண்டார், டீ குடித்தார். சொல்லியிருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பிறகு ஒரு நாள் மூலைவீட்டு மாமி அக்காவைத் தெருவில் நிறுத்தி, தோளைத் தட்டி, "எதையோ தப்பா அமுக்கிட்டியாமே? போனா போறது விடு. டாக்டர் எவ்வளவு வருத்தப்பட்டார் தெரியுமா, பாவம்" என்றாள்.

அக்கா வீட்டுக்கு வந்து, அங்கே உட்கார்ந்திருந்த என்னிடம் அதைச் சொன்னபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ஆளை நான் கேக்கறேன்" என்று எழுந்தேன். அந்தச் சமயம் பார்த்து மாமா பையோடு அறையிலிருந்து வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. விடுவிடுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். அக்கா பின்னாலேயே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் போனேன்.

எதிர்வீட்டு டீச்சரம்மா கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அக்காவின் மெமரித் துண்டு இருக்கிறதே, அந்த வீட்டு டீச்சரம்மாதான்.

"டாக்டர், உங்களைத்தான் பாக்க வந்தேன். உங்க வீட்ல நடந்ததைக் கேள்விப்பட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. எம்பொண்ணு சின்ன வயசு போட்டோ பூரா அதுலதான் இருக்கு, பேப்பர்ல ஒண்ணுகூடக் கிடையாது. ஆனா எனக்கு அப்படி ஆகாதுல்ல? நீங்க எடுத்து வச்ச காப்பி இருக்குல்ல?"

மாமா திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா கதவைப் பிடித்த கையை எடுக்காமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுவார் என்று நான்கூட ஒரு நிமிஷம் நம்பினேன்.

"சொல்லுங்க டாக்டர், இருக்குல்ல?"

மாமா தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டிவிட்டுச் சட்டென்று குனிந்து, செருப்பின் கொக்கியைச் சரிபண்ண ஆரம்பித்தார். வெகுநேரம் சரிபண்ணினார். காலில் கிடந்தது ரப்பர் செருப்பு. அதில் கொக்கியே கிடையாது.