மைக்கம்மாவின் பிரஷர்

பஸ் நிலையத்தில் நாள் முழுக்க ஒலிக்கும் குரல் ஒரு பெண்ணுடையது என்று ஊருக்கே தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஒரு முகமும் இருக்கும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை. ஜன்னலை அட்டை வைத்து மூடிய ஒரு பொந்தில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்தத் தடத்தில் நிற்கிறது என்று தொண்டைத் தண்ணீர் வற்ற அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். கூட வேலை பார்ப்பவர்கள் மைக்கம்மா என்று கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது.

வண்டி தாமதமானால் டிரைவரைத் திட்ட முடியாது. அவர்தான் வந்தே சேரவில்லையே. மேலாளரைத் திட்ட முடியாது. அவர் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். மிச்சம் இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். "வாயைத் திறந்தா பொய்தான்" என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கரித்துக் கொட்டுவார்கள். அட்டைக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெளிவாகக் காதில் விழும். பதிலுக்கு அவள் சொல்லக்கூடியது "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பது மட்டும்தான். கனிவெல்லாம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்காதீர்கள்.

வீட்டில் இதற்கு நேர்மாறு. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகனுக்குத் தொலைவில் வேலை. வாரம் ஒருமுறை போன் செய்வான்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. சரி, வச்சிடட்டுமா?"

வைக்காதே என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. பிள்ளைக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

ராத்திரியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கியதில் தாடை வலி வந்தது, பிறகு தலைவலி, பிறகு ஒன்றுமில்லாததற்கெல்லாம் நெஞ்சு படபடப்பு. பொது மருத்துவமனைக்குப் போனாள். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்று சொல்லி, மாடியில் இருந்த இயற்கை வைத்தியப் பிரிவுக்கு அனுப்பி வைத்தார்கள்.

அங்கே பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நீளமான பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். ஆளுக்கொரு வாளி, அதில் உப்புப் போட்ட வெந்நீர். கணுக்கால் முங்கக் காலை உள்ளே விட்டதும், ஆயாம்மா வந்து கண்மேல் ஈரத்துணியைக் கட்டிவிடுவார். மூச்சை நிதானமாக இழுத்து, அதைவிட நிதானமாக விட வேண்டும். பேசவே கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. ஆயாம்மா வெந்நீர் எடுக்க உள்ளே போன கையோடு அந்தக் கட்டளை காற்றில் போய்விடும்.

முதல் நாள் ஆயாம்மா, "சூடு தாங்குதா?" என்று கேட்டார். "தாங்குதும்மா, இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். பக்கத்திலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

"இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே. நீங்க பஸ் ஸ்டாண்டு மைக்குதானே?"

"ஆமாங்க."

"போன மாசம் என்னை மூணாவது தடத்துல ஒரு மணி நேரம் நிக்க வச்சீங்களே, நல்லா இருக்கா?"

"டயர் வெடிச்சு வழியில நின்னுடுச்சுங்க. நான் போயி தள்ளவா முடியும்?"

வரிசையே சிரித்தது. இத்தனை வருடத்தில் திட்டிய ஒருவருக்கு அவள் பதில் சொன்னது அன்றைக்குத்தான். அந்த மனிதர் தையற்காரர். மருமகள் கதை, தையல் மெஷின் கதை, அளவு கொடுத்துவிட்டு இளைத்துப்போகிறவர்களின் கதை என்று சவ்வு மாதிரி இழுப்பார். அவள் கேட்பாள், நடுநடுவே மட்டம் தட்டுவாள். துணியை அவிழ்த்ததும் எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்காமல் போய்விடுவார்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டால் பேச்சு வராது என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை தவறாமல் போனாள். தாடை வலி விட்டது, தூக்கம் வந்தது. ஒருநாள் டாக்டரம்மா பிரஷர் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"சூப்பர்ம்மா. நார்மல் ஆயிடுச்சு. இனிமே இதையே வீட்டுல பண்ணுங்க. இங்க வர வேணாம்."

வீட்டில் பண்ணினாள். அதே வாளி, அதே உப்பு, அதே சூடு. கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பிரிட்ஜ் உறுமுவது கேட்டது. "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று தன்னை அறியாமல் கேட்டும்விட்டாள். அப்புறம் அந்த வீட்டில் உட்கார அவளுக்கே பயமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூச்சு முட்ட ஓடிப்போய் டாக்டரம்மா முன்னால் கையை நீட்டினாள். பிரஷர் எகிறியிருந்தது. "சரி, தொடர்ந்து வாங்க" என்றார். பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். படி ஏறிய வலி தெரியவில்லை. வாராவாரம் இதே திருட்டுத்தனம். இந்த வயதில் முட்டி என்னத்துக்கு ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை.

டாக்டரம்மா யோசித்தார். "இந்த வைத்தியம் உங்களுக்குக் கேக்கலம்மா. கீழ அனுப்பறேன். இனிமே மாத்திரைதான், வாழ்க்கை முழுக்க."

மைக்கம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் டாக்டரம்மா. எனக்குப் பிரஷரே இல்ல. படியில ஓடிட்டு வந்து காட்டினேன்."

"எதுக்கும்மா?"

"இங்க பேச ஆள் இருக்கு."

டாக்டரம்மா சீட்டை மடித்து அவள் கையில் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வெளிய எத்தனை பேர் இடத்துக்குக் காத்திருக்காங்க, பாத்தீங்கல்ல? உங்களுக்குத்தான் குணமாயிடுச்சேம்மா. சந்தோஷமா போங்க" என்றார்.

வெளியே வந்தாள். அவள் இடத்தில் யாரோ ஒரு புதுப் பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு, சொன்னபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆயாம்மாவைக் காணோம். தையற்காரர் அந்தப் பெண்ணின் பக்கம் தலையைத் திருப்பினார்.

"என்ன மைக்கம்மா, இன்னிக்குச் சத்தத்தையே காணோம்?"

மைக்கம்மா பெஞ்சுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றாள்.

"இருக்கேண்ணே. தொண்டை கட்டிக்கிச்சு. நீங்க சொல்லுங்க. மருமக வந்தாளா?"

"வந்தா, வந்தா. அதை ஏன் கேக்கறீங்க" என்று ஆரம்பித்தார். அவள் நின்றபடியே உம் கொட்டினாள், கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாள். ஆயாம்மா வந்து, வரிசையின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொருவராகத் துணியை அவிழ்க்கத் தொடங்கினார்.

"மீதியை அடுத்த வாரம் சொல்றேன். ஞாபகப்படுத்துங்க" என்றார் தையற்காரர்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, ஆயாம்மா அவரிடம் வருவதற்குள் மைக்கம்மா படியிறங்கிவிட்டாள்.